விவாத இழை: புதிய மொழி ஆசிரியர்களை எடுக்கத் தேர்வு மதிப்பெண் மட்டும் போதுமா?

#1 – கொடிமுல்லை

வணக்கம். ஒரு மொழிப் பயிற்சி நிலையத்துக்குப் புதிய ஆசிரியர்களை எடுக்க வேண்டும். 40 விண்ணப்பதாரர்கள், 6 இடங்கள். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. கையில் இருப்பவை இரண்டு: 100 கொள்குறி வினாக்கள் கொண்ட தரப்படுத்தப்பட்ட தேர்வின் மதிப்பெண் (கட்-ஆஃப் 60), ஒரு பொது மொழித்திறன் சான்றிதழ்.

மேலிருந்து ஆறு பேரை எடுத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். வகுப்பில் நடப்பதை இந்தத் தேர்வு தொடவே இல்லை என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்க முடியாது, அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு மதிப்பீட்டாளர்கள், மூன்று வேலைநாட்கள். அதற்கு மேல் கிடைக்காது.

#2 – துலாமுள்

முதலில் நான்கு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். ஒன்று, அந்த மொழியில் பேசவும் எழுதவும் தெரிவது. இரண்டு, அந்த மொழியைப் பற்றித் தெரிவது, அதாவது இலக்கணம், ஒலியியல், சொல்லமைப்பு. மூன்று, கற்பித்தல் முறைகளைப் பற்றித் தெரிவது. நான்கு, இந்த மூன்றையும் மாணவர்கள் எதிரில் இருக்கும்போது நொடிக்கு நொடி பயன்படுத்துவது. கொள்குறித் தேர்வு இரண்டையும் மூன்றையும் நன்றாகவே அளக்கும். முதலாவதைப் பாதி அளக்கும். நான்காவது அதன் எல்லைக்குள்ளேயே வராது.

தேர்வு நடத்துபவர்களே இதை மறைப்பதில்லை. கேம்பிரிட்ஜ் நடத்தும் டி.கே.டி. (கற்பித்தல் அறிவுத் தேர்வு) என்ற தேர்வில் மூன்று முதன்மைப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 80 வினாக்கள், 80 நிமிடம். தேர்ச்சி, தோல்வி என்று கிடையாது, 1 முதல் 4 வரை ஒரு நிலை தருவார்கள். கற்பித்தலைப் பற்றிய அறிவைத்தான் சோதிக்கிறோம், கற்பிக்கும் திறனை அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அதே கேம்பிரிட்ஜ், ஒருவருக்கு வகுப்பெடுக்க வரும் என்று சான்று தர வேண்டிய இடத்தில், செல்டா பயிற்சியில், குறைந்தது 120 மணி நேரப் படிப்பும், இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு மொத்தம் 6 மணி நேரம் உண்மையான வகுப்பும் கேட்கிறது. ஒரே நிறுவனம் இரண்டு நோக்கத்துக்கு இரண்டு கருவி வைத்திருக்கிறது. உங்கள் நிர்வாகம் முதல் நோக்கத்துக்கான கருவியை இரண்டாவது நோக்கத்துக்குப் பயன்படுத்தப் பார்க்கிறது.

ஓர் உதாரணம். மாணவர் சொல்கிறார்: "நேற்று நான் படம் பார்ப்பேன்." ஆசிரியர் சொல்கிறார்: "ஓ, நேற்று நீ படம் பார்த்தாயா?" இது எந்த வகைத் திருத்தம் என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்தால், ஒரு வாரம் படித்தவர்கூடச் சரியாகக் குறிப்பார். அவருக்கு 40 நொடி இருக்கிறது, எது பிழை என்பதை வினாவே காட்டிவிடுகிறது. வகுப்பில் அந்தப் பிழை மற்ற ஐந்து வாக்கியங்களுக்கு நடுவே வரும். அது காதில் விழ வேண்டும். இப்போது திருத்துவதா, பிறகா, இந்த மாணவரைத் திருத்தினால் பேச்சே நின்றுவிடுமா என்பதெல்லாம் ஓரிரு நொடியில் முடிவாக வேண்டும்.

லிஸ்டரும் ரான்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கனடாவின் பிரெஞ்சு மொழிவழி வகுப்புகளில் ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55% இந்த வகைதான்: சரியான வாக்கியத்தை ஆசிரியரே சொல்லிவிட்டுக் கடந்து போவது. அதற்கு மாணவர்கள் ஏதேனும் எதிர்வினை காட்டியது 31% நேரங்களில் மட்டும். எல்லா வகைகளிலும் மிகக் குறைவு அதுதான். வகையின் பெயர் தெரிந்த ஆசிரியரும் கையில் எளிதாக வருவதைத்தான் செய்வார். பெயர் தெரியுமா என்று மட்டும் கேட்கும் வினாத்தாள் இதைக் காட்டாது.

#3 – மறுபக்கம்

துலாமுள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த விவாதம் எப்போதும் "தேர்வை விடு, ஆளைப் பார்" என்று முடிந்துவிடுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

தேர்வுக்கு மாற்றாகப் பெரும்பாலான இடங்களில் வருவது கட்டமைப்பே இல்லாத நேர்காணல். ஒருவரிடம் இலக்கணம் கேட்பார்கள், அடுத்தவரிடம் ஊர் உறவு கேட்பார்கள். உச்சரிப்பு பிடித்திருந்தால் மற்ற எல்லாமே பிடித்துவிடும். தேர்வு அப்படியில்லை. 40 பேருக்கும் ஒரே வினா, ஒரே நேரம், ஒரே விடைக்குறிப்பு. சிபாரிசு இல்லாதவருக்கு அதுதான் பாதுகாப்பு.

மொழியே போதாதவர் மொழி கற்பிக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் அயல்மொழி கற்பித்தலுக்கான ஆக்ட்ஃபுல் அமைப்பின் ஆசிரியர் தரநிலைகள், பிரெஞ்சு, ஸ்பானியம் கற்பிக்க வருபவர் பேச்சுத் திறனில் 'மேம்பட்ட நிலை – கீழ்ப்படி'யை எட்ட வேண்டும் என்கின்றன. சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு என்றால் 'இடைநிலை – மேற்படி'. இப்படி ஒரு தளம் தேவை. அந்தத் தளத்தைக் குறைந்த செலவில், பாரபட்சம் இல்லாமல் சோதிக்கத் தேர்வை விட நல்ல கருவி இல்லை.

இன்னொன்று. "எங்கள் ஆசிரியர்களில் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வகுப்புத் தரத்துக்கும் தொடர்பே இல்லை, அதனால் தேர்வு வீண்" என்று பலர் சொல்வார்கள். வேலைக்கு வந்தவர்கள் அனைவரும் கட்-ஆஃப் தாண்டியவர்கள். 30 மதிப்பெண் எடுத்தவர் எப்படி வகுப்பெடுப்பார் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மதிப்பெண்ணின் வீச்சைக் குறுக்கிவிட்டால் தொடர்பு தானாகவே சிறியதாகத் தெரியும். அதை வைத்துத் தேர்வைத் தள்ளுவது தவறான முடிவு.

#4 – துலாமுள்

வீச்சுக் குறுக்கம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தளமாகத் தேர்வு இருக்கட்டும் என்பதில் எனக்கு வேறு கருத்தில்லை. என் எதிர்ப்பு, அதைத் தரவரிசையாக்குவதற்குத்தான். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

உங்கள் தேர்வின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 10, நம்பகத்தன்மைக் கெழு (மறுபடி எழுதினாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் வரும் என்பது, முழுமை 1) 0.84 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தேர்வுதான். அளவீட்டுத் திட்டப்பிழை = 10 × √(1 − 0.84) = 4. உண்மையான தரம் 60 உள்ள ஒருவர் ஒரே தேர்வை வெவ்வேறு நாட்களில் எழுதினால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை 56க்கும் 64க்கும் இடையில் வருவார். 95% நம்பிக்கை வேண்டுமென்றால் 52 முதல் 68 வரை. இருவருக்கு இடையிலான வித்தியாசத்தின் பிழை இன்னும் பெரிது: 4 × √2, சுமார் 5.7. ஆக 74 எடுத்தவர் 71 எடுத்தவரை விட மேல் என்று சொல்ல இந்தத் தேர்வில் ஆதாரம் கிடையாது. மேலிருந்து ஆறு என்றால், ஆறாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவில் நீங்கள் குலுக்கல்தான் நடத்துகிறீர்கள்.

ஊகத்தையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு விடைகள், தவறுக்கு மதிப்பெண் கழிப்பு இல்லை. உண்மையில் 47 வினாக்களுக்கு விடை தெரிந்தவர், மீதி 53ஐ ஊகித்தால் சராசரியாக 13 சரியாகும். மொத்தம் 60. உங்கள் கட்-ஆஃப் 60 என்பது நடைமுறையில் "பாதிக்கும் குறைவாகத் தெரிந்தால் போதும்" என்ற கோடு.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். முறையாகச் செய்தால் ஆங்காஃப் முறை போன்ற ஒன்று இருக்கும். பாட வல்லுநர்கள் குழுவாக உட்கார்ந்து, "எல்லைக்கோட்டில் நிற்கும் ஓர் ஆசிரியர் இந்த வினாவுக்குச் சரியாக விடையளிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று வினா வினாவாக மதிப்பிட்டு, அவற்றைக் கூட்டி எடுப்பார்கள். அது நடக்காமல் வெறும் வழக்கமாக 60 என்று வைத்திருந்தால், கடினமான வினாத்தாள் வந்த ஆண்டில் நல்லவர்கள் வெளியே போவார்கள், எளிதான ஆண்டில் எல்லாரும் உள்ளே வருவார்கள்.

#5 – கரும்பலகை

மொழித்திறன் சான்றிதழ் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது.

பொது மொழித்திறன் தேர்வு எதற்காகச் செய்யப்பட்டது? உயர்கல்விக்கோ வேலைக்கோ போகிறவர் நீண்ட கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வாரா, கருத்துக் கட்டுரை எழுதுவாரா என்று பார்க்க. மொழி ஆசிரியருக்கு வேண்டியது வேறு. அரைகுறையாகப் புரியும் மாணவர்களுக்கு மூன்று குறுவாக்கியத்தில் ஒரு செயலை விளக்க வேண்டும். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதைவிட எளிய சொல்லால் மாற்றிச் சொல்ல வேண்டும், எடுத்துக்காட்டு அந்த நொடியில் வர வேண்டும். மாணவர் தட்டுத் தடுமாறிச் சொல்வதன் உள்ளே என்ன சொல்ல வருகிறார் என்று பிடிக்க வேண்டும். உயர்ந்த மதிப்பெண் பெற்ற பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவர்களால் மொழியைக் கீழே இறக்க முடிவதில்லை. தொடக்கநிலை மாணவர்களிடம் கூட்டு வாக்கியங்களில் பேசிக்கொண்டே போவார்கள். வகுப்பு தலையாட்டும், ஒன்றும் செய்யாது.

இதை அளக்க முடியாது என்பதும் இல்லை. ஹாங்காங்கில் 2001 முதல் நடக்கும் ஆசிரியர் மொழித்திறன் மதிப்பீட்டைப் பாருங்கள். ஆங்கில ஆசிரியருக்கு வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்று நான்கோடு, ஐந்தாவதாக 'வகுப்பறை மொழி' என்று தனிப் பகுதி உண்டு. மதிப்பீட்டாளர் நேரடியாக வகுப்பில் உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்: இலக்கணத் துல்லியம், உச்சரிப்பும் அழுத்தமும் ஏற்ற இறக்கமும், மாணவர்களோடு உரையாடும் மொழி, விளக்கவும் அறிவுறுத்தவும் பயன்படுத்தும் மொழி. எழுத்துத் தாளிலும் ஒரு பகுதி மாணவர் கட்டுரையில் உள்ள பிழைகளைத் திருத்துவது, அது ஏன் பிழை என்று விளக்குவது. திருத்துவது ஒரு திறன், விளக்குவது இன்னொரு திறன். தாய்மொழிக்காரர்கள் பெரும்பாலும் முதலாவதை எளிதாகச் செய்துவிட்டு இரண்டாவதில் "அப்படித்தான் சொல்வார்கள்" என்று நிறுத்திவிடுவார்கள்.

கொடிமுல்லை, உங்களுக்கு ஹாங்காங் அளவுக்கு ஏற்பாடு தேவையில்லை. தனி அறையில், 25 நிமிடத்தில், மூன்று பணிகள் போதும்.

பணி 1: ஒரு பக்கத்தில் ஒரு ஜோடிச் செயல்பாடு கொடுங்கள் (இருவரும் ஆளுக்கொரு படம் வைத்துக்கொண்டு வேறுபாடுகளைக் கேட்டுக் கண்டுபிடிப்பது போல). 3 நிமிடம் தயாரிக்கலாம். பிறகு 90 நொடியில், தொடக்கநிலை மாணவருக்குச் சொல்வதைப் போல அறிவுறுத்த வேண்டும். பார்க்க வேண்டியது: சராசரி வாக்கிய நீளம், செய்து காட்டினாரா, புரிந்ததா என்று எப்படிச் சோதித்தார். "புரிந்ததா?" என்று கேட்டால் மதிப்பெண் இல்லை. "நீ யாரோடு பேசப் போகிறாய்? படத்தை அவருக்குக் காட்டலாமா?" என்று கேட்டால் உண்டு.

பணி 2: ஐந்து சொற்கள், அவற்றில் குறைந்தது இரண்டு கண்ணால் காட்ட முடியாதவையாக இருக்க வேண்டும் ('பொறுப்பு', 'ஏமாற்றம்' போன்றவை). மொழிபெயர்க்காமல் விளக்க வேண்டும். மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை "புரியவில்லை" என்று சொல்வார். இரண்டாவது முயற்சியில் விளக்கம் எளிதாகிறதா, அதே விளக்கம் கொஞ்சம் சத்தமாக வருகிறதா என்பதுதான் சோதனை.

பணி 3: உண்மையான மாணவர் எழுதிய 150 சொல் கட்டுரை, 10 பிழைகளாவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் திருத்தச் சொல்லாதீர்கள். எந்த மூன்றை முதலில் எடுப்பீர்கள், ஏன், அடுத்த வகுப்பில் அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பொருளைக் குழப்பும் பிழையையும், திரும்பத் திரும்ப வரும் பிழையையும் தேர்ந்தெடுப்பவர் ஒரு வகை. கண்ணில் முதலில் பட்ட எழுத்துப்பிழையைப் பிடிப்பவர் வேறு வகை.

#6 – பிறைநிலா

இவ்வளவு எதுக்கு? ஒரு டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னா தெரிஞ்சுடாதா? எல்லா இடத்துலயும் அதுதானே நடக்குது.

#7 – பின்வரிசை

தெரியாது, பிறைநிலா. வழக்கமாக நடக்கும் டெமோவில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மற்ற ஆசிரியர்கள், அல்லது சக விண்ணப்பதாரர்கள். அவர்களுக்கு விடை தெரியும். உண்மையான பிழை ஒன்றுகூட வராது. வந்தாலும் நடிப்புப் பிழை, எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும். விண்ணப்பதாரர் மெருகேற்றிய ஒரு 15 நிமிடப் பாடத்தைக் கொண்டுவந்து ஒப்பித்துவிட்டுப் போவார். கொள்குறித் தேர்வு மனப்பாடத்தைச் சோதித்தது, இது வேறு வகை மனப்பாடத்தைச் சோதிக்கிறது.

டெமோ பயன்பட வேண்டுமானால் சில விஷயங்கள் மாற வேண்டும். மாணவர்கள் உண்மையானவர்களாக இருக்க வேண்டும், 8 பேர் போதும். ஒரே குழு எல்லாப் பாடங்களுக்கும் உட்கார்ந்தால் களைத்துவிடும், கடைசியில் வருபவருக்கு அநியாயம். அதனால் நான்கு பாடத்துக்கு ஒரு முறை குழுவை மாற்றுங்கள், யார் எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். எல்லாருக்கும் ஒரே பாடப்பகுதியை முந்தைய நாள் கொடுங்கள். 20 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் ஒரு சீட்டு நீட்டுங்கள்: "இரண்டு மாணவர்கள் முடித்துவிட்டார்கள், மூவருக்கு வினாவே புரியவில்லை." அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் முழுப் பாடத்தை விட அதிகம் சொல்லும்.

அபிப்பிராயம் எழுதும் முன் எண்ணுங்கள். ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வரலாம். எத்தனை மாணவர்கள் குறைந்தது ஒரு முழு வாக்கியம் பேசினார்கள்? கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தார்? (மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, அதுவரை பேசாத மாணவர்களும் பேசினார்கள். சொல்லைத் தேடிக் கோக்க நேரம் வேண்டிய மொழி வகுப்புக்கு இது இன்னும் முக்கியம்.) வந்த பிழைகள் எத்தனை, அவற்றில் எத்தனையைக் கவனித்தார், கவனித்தவற்றில் எத்தனையில் மாணவரே திருத்திச் சொன்னார்?

இந்த எண்கள் ஆசிரியரை நல்லவர், மோசமானவர் என்று பிரிக்காது. ஆனால் இரண்டு பார்வையாளர்கள் ஒரே பாடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதி செய்யும்.

பாடம் முடிந்ததும் 10 நிமிடம் பேசுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த நிமிடத்தை மாற்றிச் செய்வீர்கள்?" நடந்ததைக் கவனித்தவர், குறிப்பிட்ட மாணவர், குறிப்பிட்ட வாக்கியம் என்று சொல்வார். கவனிக்காதவர் "நேரம் போதவில்லை" என்பார். புதியவர் பாடத்தில் தடுமாறுவது இயல்பு, அதற்காகக் கழிக்காதீர்கள். தடுமாறியது எங்கே என்று அவருக்கே தெரிகிறதா என்பதற்குத் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள்.

#8 – மறுபக்கம்

நல்ல திட்டம். ஆனால் கேட்டே ஆக வேண்டும்: பார்வையாளரை யார் சோதிப்பது?

வகுப்பைப் பார்த்து மதிப்பிடுவதன் நம்பகத்தன்மை பொதுவாகக் கொள்குறித் தேர்வை விடக் குறைவு. கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் அமெரிக்காவில் நடந்து 2013இல் முடிந்த பெரிய ஆசிரியர் மதிப்பீட்டு ஆய்வில், ஒரே பார்வையாளரே இன்னொரு பாடம் பார்ப்பதை விட, வேறு பார்வையாளர் இன்னொரு பாடம் பார்ப்பது நம்பகத்தன்மையை அதிகம் கூட்டியது. ஒருவரின் கண் எத்தனை முறை பார்த்தாலும் அதே சாய்வோடுதான் பார்க்கும்.

"நாங்கள் இருவரும் 75% ஒத்துப்போனோம்" என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். 4 புள்ளி அளவுகோலில் இருவருமே 80% பேருக்கு '3' போடும் பழக்கம் உள்ளவர்கள், மீதி 20% பேருக்கு '2' போடுபவர்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே (0.8 × 0.8) + (0.2 × 0.2) = 0.64 + 0.04 = 68% ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் (0.75 − 0.68) ÷ 0.32 = 0.22. மிகப் பலவீனம்.

ஆகவே முதல் நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பதிவு செய்த இரண்டு பாடங்களை இருவரும் தனித்தனியே மதிப்பிடுங்கள். எங்கே வேறுபட்டீர்களோ அந்த வரியின் வாசகத்தைத் திருத்துங்கள். 'நல்ல உறவு', 'ஈர்ப்பான பாடம்' போன்ற வரிகளில்தான் சண்டை வரும், அவற்றை எடுத்தே விடலாம். உண்மையான மதிப்பீட்டில் மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒருவரோடொருவர் பேச வேண்டும்.

முக்கியமான இன்னொன்று: பார்வையாளருக்குத் தேர்வு மதிப்பெண் தெரியக் கூடாது. 85 எடுத்தவர் தடுமாறினால் பதற்றம் என்பார்கள், 58 எடுத்தவர் தடுமாறினால் தகுதியின்மை என்பார்கள்.

#9 – கரும்பலகை

மறுபக்கம் சொன்ன சாய்வில் மிக மோசமானது உச்சரிப்பு. முன்ரோவும் டெர்விங்கும் 1995இல் காட்டியது இது: ஒருவர் பேச்சில் அயல் சாயல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதும், அவர் பேசியது கேட்பவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதும் வெவ்வேறு விஷயங்கள். சாயல் பலமாக இருந்தும் ஒவ்வொரு சொல்லும் புரிவது சாதாரணம். மதிப்பீட்டுத் தாளில் 'நல்ல உச்சரிப்பு' என்று ஒரு வரி இருந்தால், பார்வையாளர் சாயலுக்குத்தான் மதிப்பெண் போடுவார்.

சோதிக்க எளிய வழி உண்டு. விண்ணப்பதாரர் பேசிய 30 நொடி ஒலிப்பதிவை ஐந்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எத்தனை சொல் சரியாக வந்தது என்று எண்ணுங்கள். அதுதான் தெளிவு. மற்றது ரசனை.

#10 – துலாமுள்

வினாத்தாளின் உள்ளேயே இன்னொரு கோளாறு இருக்கிறது. இதைப் பேசாமல் விட மனம் வரவில்லை.

கற்பித்தல் முறை பற்றிய வினாக்களின் விடைக்குறிப்பு பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டின் விடைக்குறிப்பு. "மாணவருக்கு ஒரு சொல் புரியவில்லை, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?" விடைகளில் ஒன்று: தாய்மொழியில் பொருள் சொல்வது. குறிப்பு அதைத் தவறு என்கிறது. எந்த மாணவர், எந்த வயது, எத்தனை பேர், பாடத்தின் நோக்கம் என்ன என்று வினாவில் ஒரு வரியும் இல்லை. 12 பேர் உள்ள வகுப்பில் சைகையாலும் படத்தாலும் விளக்குவது நல்லதாக இருக்கலாம். 50 பேர் வகுப்பில், பாடத்தின் மையமல்லாத ஒரு சொல்லுக்கு இரண்டு நொடியில் தாய்மொழியில் பொருள் சொல்லிவிட்டு நகர்வதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். அனுபவமுள்ள ஆசிரியர் இந்த வினாவைப் படித்துவிட்டு "சூழலைப் பொறுத்தது" என்று நினைப்பார். அப்படி ஒரு விடை அங்கே இருக்காது. சிந்திக்கிறவருக்கு அங்கே மதிப்பெண் போகிறது, வழிகாட்டி நூலை ஒப்பித்தவருக்குக் கிடைக்கிறது.

சாமுவேல் மெசிக் ஏற்புடைமை (தேர்வு அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது) பற்றி 1989இல் எழுதியபோது இரண்டு எதிரிகளைச் சொன்னார்: அளக்க வேண்டியதில் ஒரு பகுதியைத் தேர்வு விட்டுவிடுவது, சம்பந்தமில்லாத ஒன்று மதிப்பெண்ணுக்குள் நுழைந்துவிடுவது. கொள்குறித் தேர்வில் இரண்டும் உண்டு. வகுப்புச் செயல் விடுபடுகிறது, கலைச்சொல் மனப்பாடம் நுழைகிறது.

செயலை அளக்கிறோம் என்று வந்த கருவிகளும் தப்பவில்லை. அமெரிக்காவின் எட்-டிபிஏ மதிப்பீட்டில் புதிய ஆசிரியர் பாடக்குறிப்பு, வகுப்புக் காணொளி, மாணவர் வேலை எல்லாம் அனுப்ப வேண்டும். உலகமொழி ஆசிரியருக்கு 13 ரூப்ரிக்குகள் (மதிப்பீட்டு அளவுகோல்கள்), ஒவ்வொன்றிலும் 5 நிலை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் காணொளி சில நிமிடம், கூடவே எழுத வேண்டிய விளக்கவுரை பக்கம் பக்கமாக. கடைசியில் நன்றாக எழுதுகிறவருக்கு மதிப்பெண் கூடும். ஜார்ஜியா 2020இலும், வாஷிங்டன் மாநிலம் 2021இலும், நியூயார்க்கும் நியூஜெர்சியும் 2022இலும் உரிமத்துக்கு அது கட்டாயம் என்பதை நீக்கிவிட்டன. கொடிமுல்லை, உங்கள் திட்டத்தில் விண்ணப்பதாரரை நீளமாக எழுத வைக்கும் எதையும் சேர்க்காதீர்கள்.

#11 – கொடிமுல்லை

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளில் இதெல்லாம் அடங்குமா? பணிகளை 40 பேருக்கும் வைப்பதா?

#12 – பின்வரிசை

அடங்கும். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் என்றால் மொத்தம் 21 மணி.

முதலில் தேர்வு மதிப்பெண்ணை மூன்று கூறாக்குங்கள். துலாமுள் சொன்ன பிழை 4 உங்கள் தேர்வுக்கும் பொருந்துகிறதா என்று தேர்வு அமைப்பின் அறிக்கையில் பாருங்கள். பொருந்தினால் 52க்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிடலாம், அவர்களின் உண்மைத் தரம் 60ஐத் தொட வாய்ப்பு மிகக் குறைவு. 52 முதல் 68 வரை தேர்வு எந்த முடிவும் சொல்லவில்லை என்று வையுங்கள். 68க்கு மேல் தளம் உறுதி. 52க்கு மேல் உள்ள எல்லாரும் அடுத்த கட்டத்தில் சமம். மதிப்பெண்ணை அத்தோடு மூடி வைத்துவிடுங்கள்.

அளவுகோலை ஒத்திசைக்க 2 மணி. பிறகு மூன்று பணிகள்: யாரும் கழியவில்லை என்றே வைத்தாலும் 40 × 25 = 1000 நிமிடம், இரண்டு அறைகளில் ஆளுக்கு 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். பணிகளின் அடிப்படையில் 12 பேரைப் பாடம் எடுக்கத் தேர்ந்தெடுங்கள்; அந்த எல்லைக்கு அருகில் நிற்கும் 10 பேரின் பதிவை மற்றவர் கேட்டுத் தனியாக மதிப்பிடட்டும், ஒன்றுக்கு 8 நிமிடம், மொத்தம் 1 மணி 20 நிமிடம். பிறகு 12 பேருக்கு உண்மையான மாணவர்களோடு பாடம்: 20 நிமிடப் பாடம், 10 நிமிடப் பேச்சு, 15 நிமிடம் தனித்தனி மதிப்பெண், ஆளுக்கு 45. மொத்தம் 9 மணி. கூட்டினால் 20 மணி 40 நிமிடம். 52க்குக் கீழே சிலர் கழிந்தால் இன்னும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இறுதி முடிவில் பணிகளையும் பாடத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாடம் ஒன்றுதான், அதில் அதிர்ஷ்டம் அதிகம். அதற்குப் பாதிக்கு மேல் எடை வேண்டாம்.

எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. முதல் பருவத்தில் மூன்று முறை, ஏறக்குறைய 3, 8, 14ஆம் வாரங்களில், வெவ்வேறு வகுப்புகளில் போய் உட்காருங்கள். கூட இருந்து கற்றுத்தருபவரும் மதிப்பெண் போடுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். மதிப்பெண் போடுபவரிடம் புதிய ஆசிரியர் தன் சிரமத்தைச் சொல்ல மாட்டார்.

#13 – பிறைநிலா

சரி, இப்போ புரியுது. ஒரு சந்தேகம். ஒருத்தர் தேர்வுல 81, ஆனா பணிகள்ல சுமார். இன்னொருத்தர் 57, பணிகளும் பாடமும் அருமை. ஒரே இடம் பாக்கி. யாரை எடுக்கறது?

#14 – கரும்பலகை

57ஐத்தான், ஒரு நிபந்தனையோடு. அந்த மதிப்பெண் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். கலைச்சொற்களிலும் முறைகளின் பெயர்களிலும் போயிருந்தால் கவலையே இல்லை, சில வாரப் படிப்பில் வந்துவிடும். மாணவர் பேச்சில் பிழையைக் காதில் பிடிப்பதும், மொழியை எளிமையாக்குவதும் அவ்வளவு சீக்கிரம் வராது. 81க்காரரிடம் அது இல்லை, நீங்கள் கற்றுத்தர வேண்டியிருக்கும். ஆனால் 57இன் இழப்பு மொழியறிவுப் பகுதியில் என்றால் யோசிக்க வேண்டும். பேச்சுத் திறனில் ஒரு படி ஏறுவது மாதக்கணக்கான வேலை, அதுவரை மாணவர்கள் அந்த மொழியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

#15 – துலாமுள்

கரும்பலகையின் முடிவு எனக்கும் சம்மதம். பகுதிவாரி மதிப்பெண்ணை மட்டும் ஜாக்கிரதையாகப் படியுங்கள். 100 வினாவுக்கு நம்பகத்தன்மை 0.84 என்றால், அதே தரத்தில் 20 வினா மட்டும் உள்ள ஒரு பகுதிக்கு ஸ்பியர்மன்–பிரவுன் சூத்திரப்படி (வினா எண்ணிக்கை மாறினால் நம்பகத்தன்மை எவ்வளவு மாறும் என்று கணிப்பது) 0.51தான் வரும். "மொழியறிவில் 20க்கு 9" என்பது சந்தேகிக்கக் காரணம், தீர்ப்பு அல்ல. அவரோடு 15 நிமிடம் அந்த மொழியிலேயே பேசிப் பாருங்கள், இரண்டு பேர் தனித்தனியாக. கரும்பலகை சொன்ன ஒலிப்பதிவுச் சோதனையையும் அவருக்கு வையுங்கள். அதில் தேறினால் அந்த 9ஐ விட்டுவிடலாம்.